கிளிக்கும் உண்டு தொப்பை!

"பேஷன்ட் பேர் என்ன சார்?"

"சீனு."

"வயசு?"

"அஞ்சு."

"என்ன பண்ணுது?"

"மூச்சு வாங்குதும்மா. முன்னே மாதிரி தலைகீழாத் தொங்க மாட்டேங்கிறான்."

மறுமுனையில் ஐந்து விநாடி மௌனம். "சார், இது குழந்தைங்க டாக்டர் கிளினிக். நீங்க எந்த டாக்டருக்குப் போன் பண்றீங்க?"

என் செல்போனில் மகளின் டாக்டர் நம்பரும் பறவை டாக்டர் நம்பரும் 'டாக்டர்', 'டாக்டர் 2' என்று அடுத்தடுத்து இருந்ததால் வந்த வினை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டாவதை அழுத்தினேன். இப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் வீட்டு எடைக் குறைப்பு இயக்கம். வருடம் 2024, பொங்கல் முடிந்த மறுவாரம்.

சீனு யார் என்று சொல்லிவிடுகிறேன். 2019-ல் என் அம்மா பிடிவாதம் பிடித்து வாங்கி வந்த காக்கட்டீல் கிளி. சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் முகம், இரண்டு கன்னத்திலும் ஆரஞ்சு வட்டம். அவசரத்தில் கிளம்பிய நாடக நடிகர் மாதிரி இருப்பான். தலையில் ஒரு கொண்டை. ஆச்சரியப்பட்டால் அது நட்டுக்கொள்ளும், கோபம் வந்தால் படிந்துவிடும். எங்கள் வீட்டில் யாருடைய மனநிலையையாவது பார்த்தவுடன் தெரிந்துகொள்ள முடியுமென்றால் அது சீனுவுடையது மட்டும்தான்.

"கிளி வளர்க்கறது குத்தமாச்சே சார்!" என்று கீழ் ஃப்ளாட்காரர் ஒருமுறை என்னைப் படிக்கட்டிலேயே மடக்கினார். வாஸ்தவம்தான். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் சீனுவின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. அங்கே இவன் சொந்தக்காரர்கள் புல் விதையையும் தண்ணீரையும் தேடிக் கூட்டம் கூட்டமாக வறண்ட பூமியெங்கும் பறந்துகொண்டிருப்பார்கள். நம் சீனு நங்கநல்லூரில் இரண்டாவது மாடியில் உட்கார்ந்து பக்கோடா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிரச்னையே அதுதான்.

டாக்டர் சீனுவை ஒரு துண்டில் சுற்றி, கொழுக்கட்டை மாதிரி கையில் எடுத்தார். நெஞ்சைத் தடவினார். "பறவைக்கு நெஞ்சு நடுவுல ஒரு எலும்பு ஓடும் சார். கப்பலோட அடிப்பாகம் மாதிரி. விரல் வெச்சா தெரியணும். தொட்டுப் பாருங்க."

தொட்டேன். எலும்பு எங்கே இருக்கிறது? மெத்தையாக இருந்தது.

பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு இறகை விலக்கிக் காட்டினார். தோலுக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாகத் தெரிந்தது. "கொழுப்பு," என்றார். பலபேர் என்னைத் திட்டும்போது சொன்ன அதே வார்த்தை, முதல்முறையாக வைத்திய அர்த்தத்தில் கேட்கிறேன்.

தராசில் நிறுத்தினார். 124 கிராம்.

"124 கிராம்தானே டாக்டர்? ஒரு சோப்பு வெயிட்டுகூட..."

"இந்த ஜாதிக்கு 80-லேர்ந்து 100 கிராம் இருந்தா போதும். கொஞ்சம் பெரிய உடம்புன்னா பத்து கிராம் கூட வெச்சுக்கலாம். 100 இருக்கவேண்டியவன் 124 இருக்கான். அதாவது 70 கிலோ இருக்கவேண்டிய மனுஷன் 87 கிலோ இருக்கிற மாதிரி."

நான் பேசவில்லை. என் எடை அன்றைக்கு 87.

"என்ன சாப்பிடறான்?"

"சூரியகாந்தி விதைதான் டாக்டர். அம்மா பழக்கினது. கிண்ணம் காலியாகவே விடமாட்டோம்."

அவர் தலையில் கை வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். உரித்த சூரியகாந்தி விதையில் ஏறக்குறைய பாதி கொழுப்பாம். தினையில் நூற்றுக்கு நாலு பங்குதானாம். நாள் பூராக் கூண்டில் உட்கார்ந்து பாதி எண்ணெயாகச் சாப்பிட்டால் ஈரலில் கொழுப்பு சேரும், மூச்சு வாங்கும், ஒருநாள் காலையில் கூண்டின் அடியில் விழுந்து கிடக்கும். முதல்நாள் வரைக்கும் நன்றாகத்தானே இருந்தது என்று வீட்டில் எல்லோரும் அழுவார்கள். இத்தனையையும் அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"ஒழுங்கா வெச்சுக்கிட்டா பதினஞ்சு இருபது வருஷம் இருக்கிற பறவை சார் இது."

என்னுடன் வந்திருந்த அப்பா அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார். "இருபது வருஷமா?" அவருக்கு வயது 72. மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழிப்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, ஒரு நீளமான நோட்டு வாங்கியது. நான் படித்தது பி.காம். செய்வது பத்திரிகைகளுக்கு எழுதுவது. படிப்பு வீணாகப் போகிறதே என்று பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரர்களுக்கு பதில் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? இடது பக்கம் வரவு: சீனு சாப்பிட்டது. வலது பக்கம் செலவு: சீனு ஆடியது, ஓடியது. கடைசியில் எடை. லூகா பசியோலி என்ற இத்தாலியப் பாதிரியார் 1494-ல் இரட்டைப் பதிவு முறையைப் பற்றி அச்சில் எழுதியபோது, அது நங்கநல்லூரில் ஒரு கிளிக்குப் பயன்படும் என்று நினைத்திருக்கமாட்டார்.

அடுத்தது, ஆடிட். குடும்பத்தை ஹாலில் கூட்டினேன்.

"உண்மையைச் சொல்லணும். யார் யார் என்னென்ன குடுக்கறீங்க?"

"ஒரு துளி முந்திரி. பாயசம் பண்ணும்போது மட்டும்," என்றாள் என் சகதர்மிணி.

"பிஸ்கட். க்ரீமை நக்கிட்டுத்தான் குடுப்பேன்," என்றாள் எட்டு வயது மகள்.

"சுடு சோறுங்க. பாவம், வெறும் விதையைத் தின்னுட்டு எப்படி இருக்கும்?" என்றார் வீட்டு வேலை செய்யும் அக்கா.

"முறுக்கு," என்றார் அப்பா சுருக்கமாக.

"நீங்க தினம் சாயங்காலம் பக்கோடா குடுக்கறதை யார் எழுதறது?" என்றாள் மனைவி. ஆடிட்டரை ஆடிட் செய்யும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு.

"ஒரு துளி" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை முந்திரி முக்கால் கிராம். 124 கிராம் உடம்புக்கு அது என்ன என்று என் எடைக்குப் பெருக்கிப் பார்த்தால், அரைக் கிலோ முந்திரி! "யாராவது எனக்கு ஒரே வேளையில் அரைக் கிலோ முந்திரி கொடுத்ததுண்டா?" என்று கேட்டேன். "கொடுத்தா விட்டு வெப்பீங்களா?" என்று பதில் வந்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஃப்ரிட்ஜில் ஒட்டினோம். தினை, பனிவரகு. அளந்து, காலையும் மாலையும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட், பரங்கிக்காய். உப்பு, சர்க்கரை, எண்ணெயில் பொரித்தது எதுவும் கூடாது. சாக்லெட், காபி, வெங்காயம், அவகாடோ பழம் விஷம். நான்-ஸ்டிக் சட்டியை அடுப்பில் தீயவிட்டால் அந்தப் புகையே பறவையைக் கொன்றுவிடும். சூரியகாந்தி விதையைக் கிண்ணத்தில் போடவே கூடாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "திடீர்னு மாத்தாதீங்க சார். தெரியாத சாப்பாட்டைச் சாப்பாடுன்னே சில பறவைங்களுக்குத் தோணாது. பட்டினி கிடக்கும். பழசுல கொஞ்சம் கொஞ்சமா புதுசைக் கலந்துகிட்டே வாங்க. தினம் காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி வெயிட் போடுங்க. வெயிட் மளமளன்னு இறங்கினா சந்தோஷப்படாதீங்க. தூக்கிக்கிட்டு ஓடி வாங்க."

சமையலறைத் தராசு வந்தது. அதன்மேல் ஒரு குச்சியைப் பொருத்தி, சீனுவை உட்கார வைக்க நாலு நாள் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் நம்பர் நிற்கும் முன் இறங்கிவிடுவான். நானும் அப்படித்தான், மருந்துக்கடை வாசல் மிஷினில்.

கேரட் படலம் தனி. துருவிப் போட்டால் கிண்ணத்தோடு கவிழ்ப்பான். வட்டமாக நறுக்கினால் ஒவ்வொன்றாக எடுத்துக் கூண்டுக்கு வெளியே வீசுவான், கேரம்போர்டு ஸ்ட்ரைக்கர் மாதிரி. கூட்டமாகச் சாப்பிடும் பறவையாதலால் மற்றவர்கள் தின்பதைப் பார்த்தால் தானும் தின்னும் என்று டாக்டர் சொன்னார். ஆகவே தினமும் காலை ஏழரைக்கு நாங்கள் நாலு பேரும் கூண்டைச் சுற்றி உட்கார்ந்து பச்சைக் கேரட்டைக் கடித்து, "ஆஹா! பேஷ்!" என்று சொல்லவேண்டியதாயிற்று. காஸ் சிலிண்டர் போட வந்த பையன் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுச் சில்லறைகூட வாங்காமல் போய்விட்டான்.

ஆறாவது நாள் கொத்தமல்லிக் கட்டை ஈரத்தோடு கூண்டில் தொங்கவிட்டாள் என் மனைவி. சீனு அதற்குள் புகுந்து முதலில் குளித்தான். பிறகு சோப்பைத் தின்பவன் மாதிரி கொஞ்சம் கடித்துப் பார்த்தான். பிடித்துவிட்டது! அப்புறம் முருங்கைக்கீரை. அப்புறம், நம்பினால் நம்புங்கள், பச்சை மிளகாய். விதையை மட்டும் தேடித் தேடித் தின்றான். மகள் அலறிக்கொண்டு தண்ணீர் எடுக்க ஓடினாள். பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைப்பதே இல்லையாம். அந்தக் காரம் நம் மாதிரிப் பாலூட்டிகளுக்குத்தான்.

இரண்டாவது வாரம் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். அன்றைக்கு வீட்டில் நான் மட்டும். காலையில் பார்த்தேன், கிண்ணம் நிறைய இருந்தது. மத்தியானம் பார்த்தேன், அப்படியே இருந்தது. "சரி, பசியில்லை போலிருக்கிறது" என்று நோட்டில் 'இறுதி இருப்பு: முழுக் கிண்ணம்' என்று அழகாக எழுதிவிட்டு, கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் மனைவி வந்தபோது சீனு பந்து மாதிரி உப்பிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். தராசில் 118. காலையில் 122.

"சாப்பிட்டானா?"

"கிண்ணம் ஃபுல்லா இருக்கு, பாரு. அவனே சாப்பிடலை."

அவள் கிண்ணத்தை எடுத்து என் முகத்துக்கு நேராக ஒரு ஊது ஊதினாள். கிண்ணம் பூரா என் முகத்தில் வந்து ஒட்டியது. அத்தனையும் உமி! கிளி விதையை உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டு உமியைத் திரும்ப அங்கேயே போடும். மேலாகப் பார்த்தால் நிறைந்த கிண்ணம். முதல்நாள் ராத்திரி வைத்த தானியத்தின் உமியை நான் நாள் முழுக்கச் சரக்கு என்று கணக்குக் காட்டியிருக்கிறேன்.

"பி.காம். படிச்சா போதுமா? ஊதிப் பாக்க வேணாம்?" என்றாள்.

அன்று ராத்திரி சீனு ஆவேசமாகத் தினையைக் கொறிப்பதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிய கடையில் சரக்கைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடும் கணக்கர்களைப் பற்றி ஒரு காலத்தில் நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் 120. கொண்டாட்டம். நாலாவது வாரம் 121. ஐந்தாவது வாரம் 122.

எங்கே இடிக்கிறது? தானியம் அளந்துதான் போடுகிறோம். பக்கோடா நின்றுவிட்டது. பிஸ்கட் நின்றுவிட்டது. கூண்டுக்குள் ஏணி வைத்து, தினையைக் காகிதத்தில் பொட்டலமாக மடித்து ஒளித்து வைத்து, அவன் தேடிப் பிடித்துத் தின்னும்படி செய்திருந்தோம். வரவு குறைவு, செலவு அதிகம், ஆனாலும் இருப்பு கூடுகிறது என்றால் அது அரசியல்வாதி வீட்டில்தான் நடக்கும்.

கணக்குப் புத்தகத்தில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல் வித்தியாசம் வந்தால், காரணம் கிடைக்கிற வரையில் அந்தத் தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்பில் போட்டு வைப்பார்கள். நானும் போட்டேன்: 'சஸ்பென்ஸ்: 2 கிராம்'.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மிச்சமிருந்த சூரியகாந்தி விதையை எடுத்து நிறுத்தேன். முன்பு எழுதி வைத்ததற்கும் இப்போதைக்கும் 60 கிராம் குறைந்திருந்தது. எலி என்றால் மூடியைத் திருகித் திறந்து, திரும்ப மூடி வைத்திருக்காது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாலரை மணி இருக்கும். ஹாலில் விசில் சத்தம்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவுக்குச் சின்ன வயதில் விசிலடிக்க ஆசை. "பொட்டப் புள்ளை விசிலடிக்கிறதாவது!" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள். அறுபத்து இரண்டு வயதில் சீனு வந்ததும், கிளிக்குச் சொல்லித்தரும் சாக்கில் ஆரம்பித்துவிட்டாள். யாரும் பக்கத்தில் இல்லாதபோதுதான் அடிப்பாள். நாங்கள் போனால் நிறுத்திவிடுவாள். ஒரு பழைய ஊஞ்சல் பாட்டின் மெட்டு. முதல் இரண்டு வரியை அடித்துவிட்டு ஒரு நீளமான மூச்சு இழுப்பாள். அந்த இடம் வரைக்கும்தான் சீனு கற்றுக்கொண்டான். ஒவ்வொரு முறை சரியாக அடித்ததும் ஒரு சூரியகாந்தி விதை. 2022-ல் அம்மா போய்விட்டாள். அதற்கப்புறம் சீனு கதவு மணி மாதிரி கூவுவான், குக்கர் மாதிரி கூவுவான். அந்த மெட்டை நாங்கள் யாரும் கேட்கவில்லை. மறந்துவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஹாலில் விளக்கு போடவில்லை. பால்கனி வெளிச்சத்தில் அப்பா கூண்டுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விரல் நுனியில் ஒரு விதை. சீனு முதல் இரண்டு வரியை அடித்தான். பிறகு நிறுத்தினான். அந்த நீளமான மூச்சுக்கான இடம். அப்பா விதையைக் கொடுத்தார். "இன்னொரு தடவை," என்றார் மெல்ல.

நான் நின்றதைப் பார்த்துவிட்டார். பிடிபட்டவர் மாதிரி பாட்டிலைக் காலுக்கடியில் நகர்த்தினார்.

"ரெண்டு வருஷமா அடிக்கலைடா. இந்த விதையைக் கிண்ணத்துல போட்டுக்கிட்டே இருந்தோமில்ல, அவனுக்கு அடிக்கவேண்டிய அவசியமே இல்லை. நீ நிறுத்தினப்புறம் ஒருநாள் பரிதாபப்பட்டு ஒரு விதை காட்டினேன். அடிச்சான்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "செல்போன்ல ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கலாமேப்பா," என்றேன். சொன்னதும் அபத்தமாக இருந்தது.

"பண்ணலாம். ஆனா ரெக்கார்டு என்னைப் பாத்துக்கிட்டு அடிக்குமா?" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "அவனுக்கு உடம்புக்கு ஆகாதுன்னு தெரியும். டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். நாளைக்கு நிறுத்திடணும், நாளைக்கு நிறுத்திடணும்னு..." என்று பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஒரு பக்கம், கீழே விழுந்து கிடக்கும் சீனு. இன்னொரு பக்கம், கையை நீட்டிக்கொண்டிருக்கும் அப்பா. பி.காம். பாடத்தில் இதற்கு அத்தியாயமே கிடையாது. பாட்டிலை வாங்காமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

காலை எட்டு மணிக்கு டாக்டருக்குப் போன் போட்டேன். இந்தமுறை சரியான டாக்டருக்கு. எல்லாவற்றையும் சொன்னேன்.

"விதையை அடியோட நிறுத்துன்னா சொன்னேன்? கிண்ணத்துல போடாதீங்கன்னு சொன்னேன். அவனுக்கு அதான் பிடிச்ச பண்டம். அதைச் சும்மா குடுத்தா மானியம். வேலை வாங்கிட்டுக் குடுத்தா சம்பளம். உங்கப்பாவை ஹாலோட அந்தக் கோடியில நிக்கச் சொல்லுங்க. கிளி பறந்து வந்து அவர் கையில உக்காரட்டும். ஒரு விதை குடுங்க. எண்ணி வெச்சுக் குடுங்க, நாளைக்குப் பத்தோ பன்னெண்டோ. அந்த அளவுக்குத் தானியத்தைக் குறைச்சுக்குங்க. கணக்கு நேராயிடும்."

சீனுவுக்குப் பறக்கத் தெரியுமா? அம்மா இருந்தவரையில், எங்கேயாவது போய்விடுவானோ என்று பயந்து இறக்கை நுனியை வெட்டிவிடச் சொல்வாள். அம்மாவுக்குப் பிறகு வெட்டவில்லை. பழைய இறகு உதிர்ந்து புது இறகு முழுசாக முளைத்துவிட்டது. இரண்டு வருடமாகப் பறக்கக்கூடிய இறக்கையை வைத்துக்கொண்டு அவன் தரையில் நடந்துதான் போய்க்கொண்டிருந்தான்.

முதல்நாள் தூரம் ஒரு அடி. அப்பா கையை நீட்டினார். சீனு நாற்காலி முதுகில் நின்று யோசித்தான். கொண்டை நட்டுக்கொண்டது. விதையைப் பார்த்தான். தாவினான். மூன்று நாளில் இரண்டு அடி. பத்து நாளில் ஐந்து அடி, நிஜமாகவே சிறகை அடித்துக்கொண்டு. சமையலறைக் கதவு தூரத்திலிருந்து அப்பா கையில் வந்து இறங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். "போதும், இன்னிக்கு இதோட போதும்," என்று அப்பா அவனைவிட அதிகமாக மூச்சு வாங்கினார்.

கிளி பறக்கும்போது மின்விசிறி சுற்றக்கூடாது. யோசித்துப் பாருங்கள், ஏப்ரல், மே, சென்னை. ஜன்னலையும் சாத்தவேண்டும். கண்ணாடியில் மோதாமல் இருக்க அதன்மேல் துண்டு போடவேண்டும். காலை அரைமணி, மாலை அரைமணி. சாத்திய ஹாலில், ஃபேன் இல்லாமல், அக்கினி நட்சத்திரத்தில் குடும்பமே உட்கார்ந்திருக்கும். சீனு ஜம்மென்று பறப்பான், நாங்கள் இட்லி மாதிரி வேகுவோம். ஒரு மாதத்தில் நான் ஒன்றரைக் கிலோ குறைந்தேன். எந்த ஜிம்மும் தராத பலன்!

இன்னொரு சிக்கல். அவனைக் கூப்பிடவேண்டும். "சீனூ" என்று கூப்பிட்டால் அவன் கதவு மணி அடித்துக் காட்டுவான். விசில்தான் சரி என்றார் டாக்டர். அப்பாவுக்கு விசில் வராது. வாழ்நாளில் அடித்ததில்லை. தவிர, பல்செட். உதட்டைக் குவித்து ஊதினால் "ஃபுஸ்ஸ்" என்று காற்றுதான் வரும். விடவில்லை மனிதர். குளிக்கும்போது ஃபுஸ்ஸ், பேப்பர் படிக்கும்போது ஃபுஸ்ஸ். கீழ் ஃப்ளாட்காரர் திரும்பவும் என்னைப் படிக்கட்டில் மடக்கினார். "உங்கப்பா காலங்கார்த்தாலே மொட்டை மாடியில நின்னு விசிலடிக்கிறார் சார். எதிர் வீட்டுல கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணு இருக்கு."

"அது எங்க அம்மாவோட பாட்டு சார்," என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் மேலே போனார். மறுவாரம் அவர் பேரனையும் அழைத்துக்கொண்டு, சீனு பறப்பதைப் பார்க்க வந்து, ஃபேன் இல்லாமல் அரைமணி உட்கார்ந்திருந்தார்.

ஜூலையில் அப்பாவுக்கு விசில் ஒரு மாதிரி வந்துவிட்டது. முதல் வரியை அவர் அடிப்பார். ஹாலின் அந்தக் கோடியிலிருந்து சீனு இரண்டாவது வரியை அடித்துக்கொண்டே புறப்படுவான். இருபது அடி. வளைந்து, ட்யூப்லைட்டைச் சுற்றி, அப்பாவின் மணிக்கட்டில் இறங்குவான். ஒரு விதை. அப்பா அவனைத் திரும்பக் கொண்டுபோய் நாற்காலியில் விடுவார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை, பன்னிரண்டு விதை. நோட்டில் நான் எழுதவேண்டியதேயில்லை. அப்பாவே எழுத ஆரம்பித்துவிட்டார், என்னைவிட அழகான கையெழுத்தில்.

செப்டம்பரில் 104 கிராம். டாக்டர் நெஞ்சைத் தடவிப் பார்த்து, என் விரலையும் பிடித்து வைத்தார். கப்பலின் அடிப்பாகம் தெரிந்தது. "இதுக்கு மேல குறைக்கவேணாம். இப்படியே வெச்சுக்குங்க," என்றார்.

அப்பாவின் சர்க்கரையும் குறைந்துவிட்டதா என்று நீங்கள் கேட்கக்கூடும். கதையென்றால் குறைந்திருக்கும். குறையவில்லை. சீனுவுக்குக் கொடுக்காத முறுக்கையும் சேர்த்து அவரே சாப்பிடுகிறார். அந்தக் கணக்கு அடுத்த நோட்டுக்கு.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். கொஞ்ச நாளாக சீனுவின் விசிலில் ஒரு மாற்றம். இரண்டு வரி அம்மாவுடையது மாதிரியேதான். நிறுத்துகிற இடமும் அதேதான். ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் கடைசியில் ஒரு "ஃபுஸ்ஸ்" சேர்ந்துவிட்டது. பல்செட் காற்று. அதையும் பாட்டில் உள்ளது என்று நினைத்துக் கற்றுக்கொண்டுவிட்டான்.

"கெடுத்துட்டேனோடா?" என்று கேட்டார் அப்பா.

"இல்லைப்பா," என்றேன்.

அன்றைக்கு ராத்திரி நோட்டை எடுத்து, பிப்ரவரியிலிருந்து அப்படியே கிடந்த 'சஸ்பென்ஸ்: 2 கிராம்' என்ற வரியைத் தேடினேன். எந்தத் தலைப்பில் மாற்றி எழுதுவது என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'அப்பா சம்பளம்' என்று எழுதிக் கணக்கை முடித்தேன்.